எந்த எண்பது?

அச்சகத்தில் எல்லோரும் அவரை மச்சாள் என்றுதான் கூப்பிட்டோம். முறைப்படி பார்த்தால் அவர் முதலாளிக்கு மட்டும்தான் மச்சாள். முதலாளியின் மாமன் மகள். முதலாளி காலையில் கதவு திறந்ததிலிருந்து "மச்சாள், இதை ஒருக்காப் பாருங்கோ", "மச்சாள், கொழும்பிலை இருந்து கடதாசி வெளிக்கிட்டிட்டுதோ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். கேட்டுக் கேட்டு எங்கள் வாயிலும் அது ஒட்டிக்கொண்டது. மெஷின் ஓட்டுகிறவர், பைண்டிங் செய்கிற பெண்கள், கடதாசி லொறி கொண்டுவருகிற சிங்கள டிரைவர் எல்லோருக்கும் அவர் மச்சாள். கலியாண அட்டை அடிக்க வந்த ஒரு பெரியவர் போகும்போது கும்பிட்டு, "அப்ப வாறன் மச்சாள்" என்றதும் நடந்திருக்கிறது. அவர் முகம் சுளித்ததில்லை. "ஊரிலை எத்தினை பேருக்குத் தான் மச்சாளாய் இருக்கிறது" என்று சிரிப்பார்.

சுன்னாகத்தில், சந்தைக்குப் பின்பக்கத் தெருவில் இருந்தது அச்சகம். நான் அங்கே கணினியில் பக்கம் வடிவமைத்தேன். மச்சாள் வட்டுக்கோட்டையில் இருந்து ஸ்கூட்டரில் வருவார். ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார். விஞ்ஞானம் படித்துப் பட்டம் வாங்கி, கொஞ்சக் காலம் கணிதம் படிப்பித்து, அது பிடிக்காமல் விட்டுவிட்டு மச்சானோடு பங்காக அச்சகத்தில் இறங்கியவர். கடதாசி வாங்குவதும், வருகிற ஆட்களோடு கதைத்து ஓடர் எடுப்பதும் அவருடைய பொறுப்பு.

அவரிடம் ஓடர் கொடுப்பது லேசான காரியம் இல்லை. "நல்ல தடிச்ச கடதாசியிலை அடிச்சுத் தாங்கோ" என்று சொன்னால் மற்ற அச்சகங்களில் சரி என்பார்கள். மச்சாள் உள்ளே போய் நாலு தாள் எடுத்துவந்து மேசையில் பரப்புவார்.

"உங்கடை தடிப்பு எது எண்டு தொட்டுக் காட்டுங்கோ."

"உதிலை எது எண்டாலும் சரி, பிள்ளை."

"அப்பிடி இல்லை ஐயா. நீங்கள் ஒண்டை நினைச்சு, நான் ஒண்டை நினைச்சு, கடைசியிலை இரண்டு பேரும் மனவருத்தப்படக் கூடாது. தொடுங்கோ."

வந்தவர் தொடுவார். அவர் தொடுவதை மச்சாள் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு தானும் அதே தாளை எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய், காதுக்குப் பக்கத்தில் பிடித்து ஒரு ஆட்டு. "இது நூறு. இது நூற்றிருபது" என்று சொல்லிவிடுவார். கட்டில் ஒட்டியிருக்கிற சீட்டைப் பார்த்தால் அப்படியே இருக்கும். அநேகமாக.

அந்தக் குணம் அச்சகத்தோடு நிற்கவில்லை. சந்தையில் கீரைக்காரி "ஒரு பிடி ஐம்பது ரூபா" என்றால், "ஆற்றை பிடி? உன்ரை பிடியோ என்ரை பிடியோ?" என்று கேட்பார். கீரைக்காரியும் விடமாட்டாள், இரண்டு பேரும் கையை விரித்து அளந்து பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். ஒருநாள் என் கணவர் நேரத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் பொழுதுபட வந்ததில் நாங்கள் சண்டை. அடுத்தநாள் வீங்கின முகத்தோடு வேலைக்குப் போனேன். விஷயத்தைக் கேட்ட மச்சாள் சொன்னது இவ்வளவுதான்: "நேரத்தோடை எண்டால் அவருக்கு எத்தினை மணி எண்டு கேட்டனீரோ?" நான் கேட்டிருக்கவில்லை. அன்று பின்னேரம் கேட்டேன். அவருக்கு அது ஆறு மணியாம். எனக்கு நாலு.

எங்களிடம் வந்த ஓடர்களில் பாதி வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் சொல்லிவிட்டவை. இங்கே இருக்கிற தாயோ தகப்பனோ வந்து கொடுப்பார்கள். அதுதான் எங்களுக்குப் பெரிய தலையிடி. இங்கே கடதாசிக்குக் கணக்கு ஜி.எஸ்.எம்.; ஒரு சதுர மீற்றர் தாள் எத்தனை கிராம் நிறுக்கிறதோ அதுதான் அதன் இலக்கம். லண்டனில் இருக்கிற பிள்ளை அட்டைக்குப் போடுகிற தடித்த மட்டையை மைக்ரோனில் கேட்கும். அது நிறை இல்லை, தடிப்பு. கனடாப் பிள்ளை பவுண் என்று சொல்லும், பொயின்ற் என்று சொல்லும். இதையெல்லாம் ஒரு தாய் காதில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிச் சுன்னாகத்துக்கு வந்து சேருவதற்குள் இலக்கம் மட்டும்தான் மிஞ்சும்.

ஒருமுறை ஒரு தாய், கனடாவில் இருக்கிற மகனுடைய கலியாண அட்டைக்கு வந்தார். மச்சாள் வெளியே போயிருந்தார். முதலாளிதான் கதைத்தார். "மகன் பதினாறு பொயின்ற் வேணுமாம்" என்று தாய் சொல்ல, முதலாளி என்னிடம் வந்து, "பேர் எல்லாம் பதினாறு பொயின்றிலை அடியும் பிள்ளை" என்றார். எழுத்தின் அளவையும் நாங்கள் பொயின்ற் என்றுதான் சொல்வோம். பெரிய அட்டையின் நடுவில் மாப்பிள்ளை பொம்பிளையின் பெயர் எறும்பு மாதிரி இருந்தது. வெளிநாட்டு நாகரிகமாக்கும் என்று நினைத்து அடித்துவைத்தேன்.

திரும்பி வந்த மச்சாள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"ஆர் உவ்வளவு சின்னனாய் அடிக்கச் சொன்னது?"

"பதினாறு பொயின்றாம் மச்சாள்."

"எந்தப் பொயின்ற்? எழுத்தோ, மட்டையோ?"

எனக்குத் தெரியாது. முதலாளிக்கும் தெரியாது. மச்சாள் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போய், அந்தத் தாயை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். தாயின் கைபேசியிலேயே மகனை எடுத்தார்கள். அங்கே விடியவில்லை. "மட்டை தான் அன்ரி, நல்ல விறைப்பாய் இருக்கோணும்" என்றது தூக்கக் குரல். அங்கத்தைய மட்டைக் கணக்கில் ஒரு பொயின்ற் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பதினாறு பொயின்ற் நானூறு மைக்ரோனுக்குச் சற்று மேலே வரும். அந்தத் தாய்க்கு இதெல்லாம் விளங்கவில்லை. ஆனால் மச்சாள் மட்டையை எடுத்துக் கையில் கொடுத்ததும் வளைத்துப் பார்த்து, "ஓம், உவன் இதைத் தான் கேட்டிருப்பான். சின்னனிலையும் கொப்பி மட்டை வளைஞ்சால் அழுவான்" என்றார்.

இதை எழுதும்போது அவர் பிழையே விடாத மனுஷி என்று ஒரு எண்ணம் வரலாம். அப்படி இல்லை. ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் தன் பயணக் கதைகளைப் புத்தகமாக அடிக்கத் தந்தார். இருநூறு பக்கம். உள்ளே எண்பது ஜி.எஸ்.எம். வெள்ளைத் தாள் என்று பேசி, அதற்குக் கணக்குப் பார்த்து அட்டையும் அடித்தாயிற்று. முதுகில் புத்தகத்தின் பெயர், ஆசிரியரின் பெயர் எல்லாம் நடுவில் வரும்படி நான் வைத்திருந்தேன். உள்பக்கம் அடிக்கிற நேரம் வெள்ளைத் தாள் தட்டுப்பாடாகிவிட்டது. மங்கல் நிறத்தில் ஒரு தாள் இருந்தது. கண்ணுக்கு இதமானது, நாவல்களுக்குப் போடுவது. அதுவும் எண்பதுதான். "எண்பதுக்கு எண்பது, போடுங்கோ" என்றார் மச்சாள்.

அந்தத் தாள் பொங்கின தாள். நிறை ஒன்று, தடிப்பு வேறு. நூறு தாளுக்கு நாலு மில்லிமீற்றர் கூடிப்போயிற்று. அட்டை போட்டுக் கட்டி முடித்தபோது முதுகில் இருக்க வேண்டிய பெயர் ஒரு பக்கமாகச் சரிந்து விளிம்பில் ஏறி நின்றது. தபாலதிபர் புத்தகத்தை அலுமாரியில் நிறுத்துவதுபோல நிறுத்திப் பார்த்தார். கோபக்காரர் இல்லை. "எழுத்துக்கள் பயணம் வெளிக்கிட்டிட்டுதுகள் போலை" என்றார்.

மச்சாளின் முகம் வெளிறிவிட்டது. "ஐயா, பிழை என்ரை. அட்டையைத் திருப்பி அடிச்சுத் தாறன்" என்றார். அடித்தும் கொடுத்தார். ஆனால் அதற்குப் பிறகும் பல நாள் அவர் எங்களோடு சரியாகக் கதைக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தானாகவே சொன்னார்: "பாரம் ஒண்டாய் இருந்தால் உடம்பும் ஒண்டாய் இருக்கும் எண்டு நினைச்சிட்டன் பாரும். ஒரு கிலோ பஞ்சும் ஒரு கிலோ அரிசியும் காணாத ஆள் மாதிரி."

அதற்குப் பிறகுதான் கொழும்பில் சொல்லி மைக்ரோமீற்றர் ஒன்று எடுப்பித்தார். கைக்கு அடக்கமான கருவி. தாளை இரண்டு முனைக்கும் நடுவில் வைத்துத் திருகினால் தடிப்பைச் சொல்லும். மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டுக் கைப்பையில் வைத்திருந்தார். முதல் ஒரு மாதம் கண்டதையெல்லாம் அளந்தார். வெற்றிலை, பலாவிலை, முதலாளியின் அடையாள அட்டை. சந்தைக் கடைத் தோசையை அளக்கப் போய்க் கருவியில் எண்ணெய் பட்டு அதைத் துடைத்துக்கொண்டு இருந்ததைப் பார்த்து நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பிறகு ஒரு காலத்தில் நான் ஒன்றைக் கவனித்தேன். அவர் தாளை விரலால் தேய்த்துப் பார்ப்பதை விட்டுவிட்டார். எதற்கெடுத்தாலும் கருவிதான். கருவிமேல் உள்ள ஆசை என்றுதான் நினைத்தேன். ஒருநாள் கொதிக்கக் கொதிக்கப் பிளேன்ரீ வந்தது. நாங்கள் கண்ணாடிக் கிளாசை விளிம்பில் பிடித்துத் தூக்கினோம். மச்சாள் முழுக் கையாலும் பொத்திப் பிடித்தபடி முதலாளியோடு கதைத்துக்கொண்டிருந்தார். கிளாசைக் கீழே வைத்தபோது உள்ளங்கை சிவந்திருந்தது.

"மச்சாள், சுடேல்லையோ?"

அவர் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முதலாளி எழுந்து போனபிறகுதான் சொன்னார்.

"சீனி வருத்தம். விரல் நுனியெல்லாம் விறைச்சுப்போச்சு. சீனி கொஞ்சம் கூட எண்டு டொக்டர் முதல் சொன்ன நேரம், எந்தக் கொஞ்சம் எண்டு கேட்டனான். அந்தாள் சிரிச்சுப்போட்டு விட்டிட்டார்."

"அப்ப கடதாசி?"

"தொட்டால் இப்ப எல்லாம் ஒரே கடதாசி தான். மச்சானுக்குச் சொல்லிப்போடாதையும், வீட்டிலை இருத்திப்போடுவான்." என் முகம் போன போக்கைப் பார்த்து என் கையில் தட்டினார். "ஏன் இப்பிடி முழிக்கிறீர்? கண் கிடக்கு, கருவி கிடக்கு. மற்றவையின்ரை கையும் கிடக்கு தானே."

அதற்குப் பிறகும் வருகிறவர்களிடம் "தொட்டுக் காட்டுங்கோ" என்று சொல்வதை அவர் நிறுத்தவில்லை. முன்பெல்லாம் பாடம் நடத்துகிற வாத்தியார் போலச் சொல்வார். இப்போது குரலில் ஒரு கெஞ்சல் இருந்ததாக எனக்கு மட்டும் பட்டது.

நீர்வேலியில் இருந்து அந்த மனிதர் வந்தது அதற்கு அடுத்த வருஷம். வாழைத் தோட்டக்காரர். தாய் செத்துவிட்டார். முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற நினைவுமலர் அடிக்க வேண்டும். படம், வாழ்க்கைக் குறிப்பு, தேவாரங்கள் எல்லாம் போட்டு அடிக்கிற சிறு புத்தகம். எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்பார்கள். கனடாவில் இருக்கிற தங்கச்சி செத்தவீட்டுக்கு வர முடியவில்லை என்றும், முப்பத்தொண்டுக்கு வருகிறாள் என்றும் சொன்னார். வறண்ட குரலில், பசளை ஓடர் கொடுப்பது மாதிரிச் சொன்னார்.

மச்சாள் கேட்டுக்கொண்டு வந்தார். எத்தனை பக்கம், எந்தத் தேவாரம், என்ன நிற அட்டை. "உள்ளுக்கு என்ன கடதாசி போடுறது அண்ணை?"

"எண்பது எண்டு தங்கச்சி சொன்னவள்."

அந்த நேரம் நான் அவர் தந்த படத்தைக் கணினியில் ஏற்றிப் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன். தாயின் முகம் திரை முழுக்க வந்தது. குங்குமம், நரைத்த புருவம், சிரிக்கலாமா என்று யோசிக்கிற வாய். அந்த மனிதர் தற்செயலாகத் திரும்பினார். பார்த்தார். அப்படியே மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். பெரிய ஆம்பிளை, தோள் குலுங்க அழுதார். பைண்டிங் பெண்கள் கையில் எடுத்த தாளோடு நின்றுவிட்டார்கள்.

மச்சாள் கதிரை இழுத்துப்போட்டு அவரை இருத்தினார். தேத்தண்ணி எடுப்பித்தார். "எல்லாம் நாங்கள் வடிவாய்ச் செய்து தாறம் அண்ணை. நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்று சொல்லி அனுப்பினார். புத்தகம் எண்பது ஜி.எஸ்.எம்.மில் அடித்துப் போயிற்று.

கிரியைக்கு இரண்டு நாள் இருக்கும்போது நீர்வேலியில் இருந்து ஒரு பெண் தொலைபேசியில் வந்தார். நான்தான் எடுத்தேன்.

"உங்களுக்கெல்லாம் கண் இல்லையோ? அம்மாவின்ரை முகத்துக்கு மேலாலை பின்பக்கத்து எழுத்துத் தெரியுது. நெத்தியிலை தேவாரம் ஓடுது. போட்டோக் கொப்பி எடுக்கிற கடதாசியிலை ஆராவது அம்மாவை அடிப்பினமோ? நான் அண்ணைக்கு எண்பது எண்டு வடிவாய்ச் சொன்னனான். அவர் தான் அம்மாவுக்கு இது காணும் எண்டு நினைச்சிருக்கிறார். அவர் தனியக் கிரியையைச் செய்யட்டும். நான் போகேல்லை."

மச்சாளிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார்.

"எந்த எண்பது எண்டு நான் கேக்கேல்லை" என்றார். "போறவாற எல்லாரிட்டையும் கேக்கிறனான். அந்தாளிட்டைக் கேக்கேல்லை."

சற்று நேரத்தில் எழுந்து, உள்ளே போய்ச் சில தாள்களை எடுத்துச் சுருட்டிக்கொண்டு வந்தார். "ஏறும்" என்றார். நான் ஸ்கூட்டரின் பின்னால் ஏறினேன். நீர்வேலி மதவடியில் வாழைக்குலை ஏற்றிய லான்ட்மாஸ்டர் உழவுயந்திரம் ஒன்று வழியை மறித்து நின்றபோது மச்சாள் ஹோர்ன் அடிக்கக்கூட மறந்து அப்படியே நின்றார்.

தங்கச்சிக்காரி விறாந்தையில் புத்தகப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்தார். கண் வீங்கியிருந்தது. தமையன் காலையிலேயே தோட்டத்துக்குள் போனவர், சாப்பிடவும் வரவில்லையாம்.

"நாங்கள் அச்சகத்திலை இருந்து வாறம். அண்ணையையும் கூப்பிடுங்கோ, இரண்டு பேரோடையும் கதைக்கோணும்."

"நான் கூப்பிட்டால் வரமாட்டார்."

மச்சாள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வாழைக்குள் நடந்தார். தண்ணீர் கட்டின பாத்தி. அவர் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றுக்குள் போவதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் அந்த மனிதர் முன்னால் வர, இவர் பின்னால் வந்தார். அவர் விறாந்தையில் ஏறவில்லை, முற்றத்தில் நின்றார். தங்கச்சியைப் பார்க்கவும் இல்லை.

மச்சாள் தாள்களை விறாந்தை நிலத்தில் விரித்தார்.

"தங்கச்சி, நீங்கள் சொன்ன எண்பது எது? தொட்டு எடுங்கோ."

தங்கச்சி வேண்டாவெறுப்பாக ஒவ்வொன்றாகத் தொட்டார். ஒன்றை எடுத்தார். "இது."

"அண்ணை, நீங்கள் வாங்கோ. இலக்கம் ஒண்டும் வேண்டாம். அம்மாவின்ரை படம் போட எது நல்லது எண்டு தொட்டுப் பாருங்கோ."

அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு குனிந்தார். வாழைக்கறை பிடித்த விரல்கள். எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டு அதே தாளைத் தொட்டார்.

"அம்மாவுக்கு எண்டால் நானும் இதைத் தான் எடுப்பன்."

"பிறகேன் அண்ணை உதிலை அடிப்பிச்சனீங்கள்?" என்றார் தங்கச்சி.

"நீ தானே எண்பது எண்டனீ!"

"எண்பது பவுண் எண்டு சொன்னனான்!"

அந்த மனிதர் முதன்முதலாக நிமிர்ந்து தங்கச்சியைப் பார்த்தார். "பவுண் எண்டனீ தான். கடதாசிக்கு என்ன பவுண்? எண்பதைக் கடதாசிக்கு எடுத்திட்டு, பவுண் எண்டு அம்மாவின்ரை நகையைப் பற்றித் தான் கேக்கிறாய் எண்டு நினைச்சனான். மனம் விட்டுப்போச்சு. செத்து முப்பத்தொண்டு முடியேல்லை, அதுக்குள்ளை நகைக் கதை கதைக்கிறாளே எண்டு பேசாமல் விட்டனான்."

"அம்மாட்டை எங்கை அண்ணை பவுண்? காதிலை கிடந்த தோடு மட்டும் தானே?"

"அதைத் தான் நானும் யோசிச்சனான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். மச்சாள் சிரிக்கவில்லை. அவர் நிலத்தில் இருந்தபடியே தங்கச்சிக்கு விளக்கினார்.

"உங்கடை கனடாவிலை ஐந்நூறு தாளை ஒரு கட்டாய் நிறுத்து, இத்தினை பவுண் எண்டு சொல்லுறது. எங்கடை பாணுக்குச் சொல்லுற அதே றாத்தல் தான். ஆனால் உள்தாளுக்கு ஒரு அளவிலை வெட்டி நிறுப்பினம், மட்டைக்கு வேறை அளவிலை வெட்டி நிறுப்பினம். அதாலை அங்கை உள்தாள் எண்பதும் மட்டை எண்பதும் கூட ஒண்டில்லை. இங்கை எந்தக் கடதாசி எண்டாலும் ஒரு சதுர மீற்றர் தான். நீங்கள் சொன்ன எண்பது எங்களுக்கு நூற்றிருபது மட்டிலை. எங்கடை எண்பது உங்களுக்குப் போட்டோக் கொப்பிக் கடதாசி."

தமையன் முற்றத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நெல்லுப் பரப்பும் வரகுப் பரப்பும் மாதிரியோ?" என்றார். காணி உறுதிகளில் வயலுக்கு ஒரு பரப்பு, தோட்டத்துக்கு இன்னொரு பரப்பு. சொல் ஒன்று, நிலத்தின் அளவு வேறு.

"அச்சாக் கதை அண்ணை. அதே தான்."

பிறகு மச்சாள் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். "நீங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கோவிச்சு வேலையில்லை. பிழை என்ரை. எந்த எண்பது எண்டு கேக்க வேண்டியது நான். ஆரிட்டையும் கேக்கிறனான். உங்கடை அண்ணையிட்டை மட்டும் கேக்கேல்லை."

"ஏன் கேக்கேல்லை?"

மச்சாள் தயங்கினார். அந்த மனிதரைப் பார்த்தார். அவர் வாழைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"படத்தைக் கண்டிட்டு அழுதவர், தங்கச்சி. கதிரையிலை இருத்த வேண்டியதாய்ப் போச்சு. அந்த நேரம் கடதாசியைப் பற்றிக் கேக்க எனக்கு மனம் வரேல்லை."

தங்கச்சி தமையனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செத்தவீட்டிலை ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை" என்று எங்களுக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "நான் அங்கை விடிய விடிய வீடியோவிலை பாத்துக்கொண்டு இருந்தனான். கதிரை தூக்கிறார், தேத்தண்ணி குடுக்கச் சொல்லுறார், ஐயருக்குக் கார் பிடிக்கிறார். கல்லு மாதிரி."

"அங்கை ஆயிரம் வேலை கிடந்தது" என்றார் தமையன், திரும்பாமல்.

"அண்ணை, நீங்கள் அழுதனீங்களோ?"

தங்கச்சி எழுந்து முற்றத்தில் இறங்கினார். செருப்புப் போடாமல், தமையனுக்குப் பக்கத்தில் போய் நின்றார். தொடவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. பக்கத்தில் நின்றார். தமையன், "நீ சாப்பிட்டியோ?" என்று கேட்டார்.

முழுப் புத்தகத்தையும் திருப்பி அடிக்க நேரம் இல்லை. நூற்றிருபதில் போதிய தாளும் இல்லை. ஒரு கலியாண வேலையில் மிஞ்சின நூற்றிமுப்பது ஜி.எஸ்.எம். பளபளப்புத் தாள் கொஞ்சம் கிடந்தது. படங்கள் எல்லாம் நடுத்தாளில்தான் இருந்தன. அந்தத் தாளை மட்டும் புதிதாக அடித்து மாற்றிவிடலாம் என்றார் மச்சாள். அடுத்தநாள் காலை அண்ணனும் தங்கச்சியும் பெட்டிகளோடு அச்சகத்துக்கு வந்துவிட்டார்கள். மெஷின் ஒரு பக்கம் ஓடியது. மறுபக்கம் பைண்டிங் மேசையில் எல்லோரும் இருந்து ஒவ்வொரு புத்தகமாகப் பின் கழற்றி, பழைய நடுத்தாளை உருவி, புதியதை வைத்துத் திரும்பவும் பின் அடித்தோம்.

தங்கச்சி நகத்தால் பின்னை நிமிர்த்துவார். தமையன் இழுத்து எடுப்பார். முதலில் வேலைக் கதை மட்டும்தான். பிறகு தாயைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். கடைசி மாதங்களில் தாய் யாரையும் மட்டுக்கட்டவில்லை என்றும், மகனை "தம்பி, நீர் ஆற்றை பிள்ளை?" என்று கேட்டார் என்றும் தமையன் சொன்னார். அதை அவர் கனடாவுக்குச் சொல்லியிருக்கவில்லை. தங்கச்சி பின்னை நிமிர்த்துவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" "உங்கடை பிள்ளை தான் எண்டன். அதுக்கு அம்மா, நல்ல பிள்ளை எண்டு சொன்னா."

மச்சாளும் எங்களோடு இருந்து பின் கழற்றினார். விறைத்த விரலில் பின் குத்தியது அவருக்குத் தெரியவில்லை. நான் பார்த்துத் துண்டுத் துணி எடுத்துக் கொடுத்தேன்.

கிரியையன்று கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போய்வந்து, வீட்டில் மத்தியானச் சாப்பாடு. எங்களையும் கட்டாயம் வரச் சொல்லியிருந்தார்கள். முற்றத்தில் பந்தல் போட்டு வரிசையாக வாழையிலை. தங்கச்சி ஒவ்வொருவருக்கும் புத்தகம் கொடுத்துக்கொண்டு வந்தார்.

எனக்கு எதிரில் இருந்த ஒரு பெரியவர் புத்தகத்தை வாங்கினார். அது நடுவில் திறந்தது. தாயின் முகம். அவர் பார்த்துவிட்டு, தேவாரம் பார்க்க முன்பக்கம் தட்டினார். கையை எடுத்ததும் தாள்கள் தானாகப் புரண்டு திரும்பவும் தாயின் முகத்தில் வந்து நின்றன. பக்கத்து இலைக்காரரின் புத்தகமும் அப்படியே. பந்தல் முழுக்கப் பார்த்தேன். யார் எடுத்துத் திறந்தாலும் அங்கேதான் திறந்தது. இரண்டு மெல்லிய பகுதிக்கு நடுவில் ஒரு விறைத்த தாளை வைத்தால் அப்படித்தான் நடக்கும்.

தங்கச்சியும் கவனித்துவிட்டார். கையில் இருந்த ஒன்றை மூடினார், திறந்தார். இன்னொன்றை எடுத்து மூடினார், திறந்தார். "அண்ணை, இஞ்சை ஓடிவாங்கோ!" என்று கூப்பிட்டார். சோற்றுக் கடகத்தோடு வந்த தமையன் அதை இறக்கி வைத்துவிட்டுத் தானும் ஒன்றைத் திறந்தார். திறந்து பார்த்துவிட்டு மூடினார். பிறகு திரும்பவும் திறந்தார்.

தங்கச்சி நேராக எங்கள் இலைக்கு வந்தார். முகம் முழுக்கக் கண்ணீரும் சிரிப்பும். "அக்கா, பாத்தியளோ? அம்மாவிலையே தான் வந்து நிக்குது. என்னெண்டு அக்கா இப்பிடித் திறக்குது?"

நான் மச்சாளைப் பார்த்தேன். எத்தனை மைக்ரோனுக்கு நடுவில் எத்தனை மைக்ரோன் வந்தால் தாள் எந்தப் பக்கம் தள்ளும் என்று அவருக்குத் தெரியும். கேட்காதவர்களையே பிடித்து இருத்தி விளக்கப்படுத்துகிறவர்.

"எனக்குத் தெரியாது தங்கச்சி" என்றார் மச்சாள்.

சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்க்காமல், இலையில் இருந்த பூசணிக்காய்க் கறியை இழுத்துச் சோற்றோடு குழைத்தார்.